மதுவின் பிடியிலிருந்த கிராமத்தில் சதுரங்கம் வேரூன்றியது எப்படி?

திருச்சூர்: கேரளத்தில் பாலக்காட்டை ஒட்டியுள்ள திருச்சூர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ளது மரோட்டிச்சால் கிராமம். 'சதுரங்க கிராமம்' என அறியப்படும் இவ்வூரில், வீட்டுக்கு ஒருவராவது இவ்விளையாட்டை அறிந்திருப்பதாக ஊர் மக்கள் கூறுகின்றனர்.

1970-களில் இங்கு நிலைமை வேறு. வீடுகளில் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டது. குடிப்பழக்கமும் சூதாட்டமும் பல குடும்பங்களைச் சீரழித்தன. கலால் துறையின் உதவியை ஊர் மக்களே நாடினர். எனினும், சாராயத்தைத் தடுப்பது மட்டும் போதுமானதாக இல்லை. வேலை முடிந்த மாலைப் பொழுதை எவ்வாறு கழிப்பது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அதற்கு விடையளித்தவர் அவ்வூரைச் சேர்ந்த உண்ணிகிருஷ்ணன். அமெரிக்க வீரர் பாபி பிஷரால் ஈர்க்கப்பட்டு, இளம் வயதிலேயே சதுரங்கம் கற்ற அவர், தமது தேநீர்க் கடைக்கு வருவோருக்கு அதைக் கட்டணமின்றிக் கற்பித்தார். அவரிடம் கற்றவர்களின் எண்ணிக்கை 600-ஐக் கடந்தது.

சதுரங்கம் இங்கு எளிதில் பரவியதற்கான காரணங்கள் ஆட்டத்திலேயே உள்ளன. ஒரு பலகையும் 32 காய்களும் இருந்தால் போதும், செலவு குறைவு. ஓர் ஆட்டம் மணிக்கணக்கில் நீளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தெளிந்த சிந்தனை தேவை. சாதாரண ஆட்டக்காரர்களிடையே வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நுட்பமான திட்டங்கள் அல்ல, கவனப் பிழைகளே. ஒரு கணம் கவனம் சிதறினால் ராணி பறிபோகும். போதையில் இருப்பவரால் இவ்வாட்டத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க இயலாது.

தேநீர்க் கடை ஆட்டங்களால் எவருக்கும் தரப்புள்ளிகள் கிடைப்பதில்லை. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான 'பிடே'யின் தரப்பட்டியலில் இடம்பெற, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆட வேண்டும். அப்பட்டியலின் குறைந்தபட்ச அளவு 2024 மார்ச் மாதம் 1,000-லிருந்து 1,400 ஆக உயர்த்தப்பட்டது.

இதே மாவட்டத்தின் நிஹால் சரின், 2018-இல் தமது 14-ஆவது வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வென்றார். மரோட்டிச்சாலின் பெருமையோ வேறு வகையானது. ஒரே நேரத்தில் 1,001 பேர் சதுரங்கம் ஆடியதற்காக, 2016-இல் இக்கிராமம் ஆசிய அளவிலான சாதனை அங்கீகாரத்தைப் பெற்றது. அவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லர்.

மதுப்பழக்கத்தைச் சதுரங்கம் மட்டுமே ஒழித்ததாகக் கருத இயலாது. ஆனால், ஒரு பழக்கத்தைக் கைவிடச் சொல்வதோடு, அதன் இடத்தை நிரப்ப மற்றொன்றையும் அளிக்க வேண்டும் என்பதை இக்கிராமத்தின் அனுபவம் உணர்த்துகிறது.