மலை ஏறக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம்

நீந்தத் தெரியாதவன் ஆற்றில் குதித்தால் என்ன ஆகும்? மலை ஏறத் தெரியாதவன் இமயமலையில் கால் வைத்தாலும் அதே கதிதான்.

நீச்சலைக் கரையில் உட்கார்ந்துகொண்டு கற்க முடியாது. மலை ஏறும் வித்தையையும் புத்தகத்தைப் படித்துக் கற்றுவிட முடியாது. அங்கே தண்ணீரில் இறங்க வேண்டும். இங்கே பனியில் விழ வேண்டும்!

"விழுவதற்குக் கூடவா பாடம்?" என்று கேட்கிறீர்களா? ஆம், விழுவதற்கும் பாடம் உண்டு. விழுந்தவரைத் தூக்குவதற்கும் பாடம் உண்டு. இவற்றைச் சொல்லித் தருவதற்கென்றே நம் நாட்டில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றுள் மூத்தது டார்ஜீலிங்கில் இருக்கிறது.

எவரெஸ்ட் வீரர் மாணவர் ஆனார்!

1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறி நின்றார்கள். உலகமே வியந்தது. அடுத்த ஆண்டு, 1954-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, டார்ஜீலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. பிரதமர் நேருவும், மேற்கு வங்காள முதல்-மந்திரி டாக்டர் பி.சி.ராயும் அதில் பெரும் அக்கறை காட்டினார்கள். மேஜர் நரேந்திர தர் ஜெயால் முதல் தலைமை ஆசிரியர் ஆனார். மாணவர்களை மலைக்கு அழைத்துச் சென்று பயிற்சி கொடுக்கும் பொறுப்பு டென்சிங்குக்குக் கிடைத்தது.

டென்சிங் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. 1935-ம் ஆண்டில் சுமை தூக்கும் கூலியாக முதன்முதலாக எவரெஸ்ட் பக்கம் போனவர். மலைதான் அவருக்கு எல்லாம் கற்றுக் கொடுத்தது. எவரெஸ்டையே ஏறிவிட்டவருக்கு இனி யார் என்ன சொல்லித்தர முடியும்?

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். அவரும் வேறு சில ஷெர்ப்பாக்களும் 1954-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அர்னால்டு கிளாட்ஹார்ட் என்ற பெயர் பெற்ற வழிகாட்டியிடம் மாணவராக உட்கார்ந்தார் டென்சிங். தனக்குத் தெரிவது வேறு. பிறருக்குத் தெரிய வைப்பது வேறு. அந்த இரண்டாவது வித்தையைக் கற்றுக்கொண்டு வந்துதான் அவர் ஆசிரியர் ஆனார். 1976-ம் ஆண்டு வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1986-ம் ஆண்டு மே மாதம் அவர் காலமானபோது, அந்தப் பள்ளிக்கூடத்தின் வளாகத்திலேயே அவர் உடல் தகனம் செய்யப்பட்டது.

கயிறும் முடிச்சும்

அடிப்படைப் பயிற்சி 28 நாள். முதல் சில நாட்கள் டார்ஜீலிங்கிலேயே கழிகின்றன. லெபாங் சாலையில் ஒரு பெரிய பாறை நிற்கிறது. அதற்கு "டென்சிங் பாறை" என்றே பெயர். எதிரே இன்னொன்று, "கோம்பு பாறை". டென்சிங்கின் மருமகனும், எவரெஸ்டில் இரண்டு முறை ஏறிய முதல் மனிதருமான நவாங் கோம்புவின் பெயர் அது. 1963-ல் அமெரிக்கக் குழுவோடும், 1965-ல் இந்தியக் குழுவோடும் அவர் ஏறினார்.

பாறைப் பாடத்தின் முதல் விதி எளிது. இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கு. இந்த நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும். ஒன்றுதான் நகரலாம். கையால் உடம்பை இழுக்கக் கூடாது; காலால் தூக்க வேண்டும். கை சீக்கிரம் சோர்ந்துவிடும். கால் சோராது. புதிதாக வருபவர்கள் பயத்தில் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்தால் கால் வழுக்கும். நிமிர்ந்து நின்றால்தான் பாதம் பிடிக்கும்!

பிறகு முடிச்சுகள். எட்டுப் போல வளையும் முடிச்சு இடுப்பில் கட்டுவதற்கு. ஆஸ்திரியா நாட்டுக் கார்ல் புருசிக் என்பவர் பெயரால் வழங்கும் முடிச்சு, கயிற்றின் மேலேயே ஏறுவதற்கு. சும்மா இருக்கும்போது அது கயிற்றில் நகரும். பாரம் விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மாணவர்கள் இவற்றை வெளிச்சத்திலும் போட்டுப் பழக வேண்டும், இருட்டிலும் போட்டுப் பழக வேண்டும். கையுறையோடும் போட வேண்டும். பனிக்காற்றில் விரல் மரத்துப் போகும்போது, யோசித்து முடிச்சுப் போட நேரம் இராது.

கயிறு என்றால் உயிர். 1865-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக ஏறிய ஏழு பேர் இறங்கும்போது, ஒருவர் கால் வழுக்கியது. நடுவில் இருந்த கயிறு அறுந்தது. நான்கு பேர் மாண்டார்கள். கயிறு இருந்தது, போதிய பலம் இல்லை. அதனால்தான் இன்றும் ஒவ்வொரு நாளும் கயிற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டே வேலை தொடங்குகிறார்கள்.

மெல்ல ஏறு!

பாறைப் பயிற்சி முடிந்ததும், மாணவர்கள் சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு சிக்கிமுக்குப் போகிறார்கள். யுக்சோம் என்ற ஊரிலிருந்து நடை. பக்கிம், சோங்கிரி வழியாகச் சௌரிகாங் முகாம். அதன் உயரம் சுமார் 14,600 அடி. நம் ஊட்டித் தொட்டபெட்டா 8,650 அடிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!

இந்த நடையே ஒரு பாடம். உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 18,000 அடியில் கடற்கரையில் இருப்பதில் பாதிதான் இருக்கும். உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். 10,000 அடிக்கு மேலே, ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவே தூங்கும் இடத்தை ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் உயர்த்தக் கூடாது. பகலில் உயரே போய்விட்டு, இரவில் கீழே வந்து தூங்குவது நல்லது.

அவசரப்பட்டால் முதலில் தலைவலி, குமட்டல். அதையும் மீறி ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். இதற்குச் சிறந்த மருந்து ஒன்றே ஒன்று: உடனே கீழே இறங்குவது.

பலசாலிக்கு இது வராது என்று எண்ண வேண்டாம். பள்ளிக்கூடத்தின் முதல் தலைமை ஆசிரியரான மேஜர் ஜெயாலே 1958-ம் ஆண்டில் சோ ஓயு மலையில் உயரத்திலே நோய்வாய்ப்பட்டு உயிர் துறந்தார். மலைக்கு ஆசிரியரும் மாணவரும் ஒன்றுதான்.

விழும் பாடம்

பனியில் காலணிக்குக் கீழே இரும்புப் பற்கள் கொண்ட சட்டத்தை மாட்டிக்கொள்கிறார்கள். "கிராம்பன்" என்று பெயர். கையில் பனிக்கோடாலி. நடக்கும்போது அது ஊன்றுகோல். படி வெட்டும்போது கோடாலி. விழும்போது பிரேக்!

ஆசிரியர் மாணவரைச் சரிவில் விழச் சொல்வார். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு மல்லாந்து, பிறகு தலை கீழாக. எப்படி விழுந்தாலும், கோடாலியைத் தோளருகே இறுகப் பிடித்து, குப்புறப் புரண்டு, கூர்முனையை உடல் பாரத்தால் பனியில் அழுத்த வேண்டும். கிராம்பன் மாட்டியிருந்தால் பாதங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும். அது பனியில் மாட்டினால் ஆளையே புரட்டிவிடும். சறுக்கல் வேகம் பிடிப்பதற்குள் இத்தனையும் நடக்க வேண்டும். அதனால்தான் நூறு முறை விழச் சொல்கிறார்கள். நூற்றோராவது தடவை உண்மையாக விழும்போது, மூளை யோசிக்கும் முன் கை வேலை செய்துவிடும்.

பனியாற்றில் இன்னோர் அபாயம். மேலே வெள்ளை விரிப்புப் போலப் பனி. அடியில் கிணறு போலப் பிளவு. எவரெஸ்ட் பயணத்திலேயே ஹில்லாரி ஒரு பிளவில் விழுந்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்த டென்சிங் கோடாலியைப் பனியில் குத்திக் கயிற்றை இறுக்கினார். ஹில்லாரி பிழைத்தார். அந்த ஒரு கணம் தவறியிருந்தால் எவரெஸ்ட் சரித்திரமே வேறு ஆகியிருக்கும்! அதே வேலையை இன்று ஒவ்வொரு மாணவரும் செய்து காட்ட வேண்டும். ஒருவர் பிளவுக்குள் தொங்குவார். மற்றவர்கள் கயிற்றையும் உலோக வளையங்களையும் கப்பி போல அமைத்து இழுத்து எடுப்பார்கள்.

சறுக்கியும் ஏறலாம்

பனிச்சறுக்கு என்றால் மேலிருந்து கீழே வழுக்கி வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதே சறுக்குக் கட்டையால் மேலேயும் ஏறலாம்! கட்டையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டுகிறார்கள். முற்காலத்தில் அது கடல் நாயின் தோல். இப்போது ஆட்டு ரோமமும் நைலானும். பூனையின் முதுகைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடை. அதே தத்துவம்தான். முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பையில் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டியதுதான். 2026-ம் ஆண்டு இத்தாலி குளிர்கால ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

சறுக்குப் பயிற்சிக்கு நம் நாட்டில் காஷ்மீரத்துக் குல்மார்க் பிரசித்தம். மத்திய சர்க்காரின் பனிச்சறுக்குக் கழகம் அங்கே இருக்கிறது. மணாலியிலும் பயிற்சி உண்டு.

சறுக்குபவர்களுக்கு எமன், பனிச்சரிவு. புதுப்பனி, அடியில் உள்ள பலவீனமான அடுக்கின் மேல் பலகை போல உட்கார்ந்திருக்கும். 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளில் அபாயம் அதிகம். ஒருவர் கால் பட்டாலே பலகை உடைந்து மலையோடு இறங்கும். ஆகவே மாணவர்கள் குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்கக் கற்கிறார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு சிறு ரேடியோக் கருவி. கூடவே நீண்ட கம்பி, மண்வாரி. ஆள் புதைந்தால் மற்றவர்கள் ஒலியைக் கேட்டுத் தேடி, கம்பியால் குத்திப் பார்த்து, தோண்டி எடுக்க வேண்டும். முதல் 10 நிமிஷத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். அரை மணி ஆகிவிட்டால் பிழைப்பவர் சிலரே. ஊரிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர்தான் டாக்டர், அவர்தான் போலீஸ், அவர்தான் தெய்வம்!

மறக்க முடியாத நாள்

பயிற்சி பெற்றால் ஆபத்தே இல்லையா? அப்படிச் சொன்னால் அது பொய். உத்தரகாசியில் 1965-ம் ஆண்டு தொடங்கப்பட்ட நேரு மலையேற்றக் கழகம் புகழ் பெற்றது. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்கே பயின்றவர். 2022-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி, அந்தக் கழகத்தின் மேற்பயிற்சிக் குழு "திரௌபதி கா தண்டா" என்ற மலையில் ஏறிக்கொண்டிருந்தது. பனிச்சரிவு வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக 29 பேர் மாண்டார்கள். அவர்களுள் ஒருவர் ஆசிரியை சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாள் இடைவெளியில் ஏறி முடித்தவர்!

எவ்வளவு கற்றாலும் மலை பெரியது. இதையும் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். வானம் கறுத்தால் திரும்பு. பனி முனகினால் திரும்பு. தோழன் தள்ளாடினால் திரும்பு. உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பு!

யார் சேரலாம்?

இந்தப் பள்ளிக்கூடங்களில் ஆண்களும் பெண்களும் சேரலாம். டாக்டர் சான்று வேண்டும். ஓடிப் பழகிய உடம்பும் வேண்டும். பனியைக் கண்ணால் பார்த்திராதவர்களும் வருகிறார்கள். அடிப்படைப் பயிற்சியில் "ஏ" வகுப்பில் தேறியவர்களுக்கே மேற்பயிற்சியில் இடம். அதிலும் தேறினால் ஆசிரியர் ஆகும் பயிற்சி.

மலைமேல் ஆசை உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தடுக்காதீர்கள். ஆனால் நண்பர்களோடு கிளம்பி விடுமுறையில் பனிமலை ஏறப்போகிறேன் என்றால், முதலில் அந்த 28 நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வையுங்கள். எவரெஸ்டை வென்ற டென்சிங்கே பாடம் கேட்கப் போனார். நம் பிள்ளைகள் போவதில் என்ன குறைச்சல்?