சோளக்காட்டுக்குள் ஒரு தலைநகரம்

"அக்கா, கோட்டை எங்கே?" என்றான் தம்பி. ஹார்பினில் மருத்துவம் படிக்கிற பையன். சீன மொழிக்குத் துணையாக என்னோடு வந்தவன். நான் வாய் திறக்காமல் காலடியைக் காட்டினேன். புல் மூடிய நீளமான மண்கரை. ஏதோ ஏரிக்கரை என்று நினைத்துத்தான் ஏறி வந்திருக்கிறான்.

"இதுதான்டா சுவர்! அதன் மேலேதான் நிற்கிறோம்!" சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. வரைபடத்தில் எத்தனை முறை விரலால் தடவிப் பார்த்த கோடு இது!

வடகிழக்குச் சீனாவில், ஹார்பினுக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது ஆசெங். ஊரைத் தாண்டி வயல்வெளிக்குள் வந்தால் ஷாங்ஜிங். 'மேல் தலைநகரம்' என்று பொருள். ஜுர்ச்சென் மக்கள் எழுப்பிய ஜின் பேரரசுக்கு முதல் தலைநகரம். 1115இல் வன்யான் அகுடா இங்கே பேரரசராக முடிசூடினார். பத்தே ஆண்டில் லியாவோ பேரரசு சரிந்தது. 1127இல் சொங் பேரரசின் தலைநகர் கய்ஃபெங்கும் அவர்கள் கைக்கு வந்துவிட்டது! பக்கத்தில் ஓடும் ஆஷி ஆற்றின் பழைய பெயர் அன்ச்சுஹு. ஜுர்ச்சென் மொழியில் பொன் என்று அர்த்தம். பொன்னுக்குச் சீனச் சொல் 'ஜின்'. ஆற்றின் பெயரையே பேரரசுக்கு வைத்துவிட்டார்கள்.

சுவரை விட்டு இறங்கவே எனக்கு மனம் வரவில்லை. சுற்றளவு சுமார் 11 கிலோமீட்டர். வடக்கே ஒரு நகரம், அதை ஒட்டித் தெற்கே ஒரு நகரம். ஒன்று நின்றவாக்கில் செவ்வகம், மற்றது படுத்தவாக்கில். மழை அறுத்திருந்த ஓரிடத்தில் சுவரின் வயிறு திறந்து கிடந்தது. மண்டியிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். வரி, வரி, வரி! இருபுறமும் பலகை அடைத்து, நடுவே மண் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த மண். ஒரு வரி கருத்திருக்கிறது, அடுத்தது வெளுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் யாரோ தோள் நோக இடித்தது. சுவர் அங்கங்கே வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. சுவரடிக்கு வந்துவிட்ட எதிரியைப் பக்கவாட்டிலிருந்து அம்பால் அடிப்பதற்கான ஏற்பாடு அது. சீனர்கள் அதைக் 'குதிரை முகம்' என்கிறார்கள். ஒரு முறை பார்த்துவிட்டால், குதிரைகள் வரிசையாகத் தலை நீட்டி நிற்பது போலவேதான் தெரிகிறது.

தெற்கு நகரத்தின் வடமேற்கில் அரச வளாகம். வாசல் இருந்த இடத்தில் இரண்டு மண்மேடுகள் மட்டும் காவலுக்கு நிற்பது போல நிற்கின்றன. அவற்றின் நடுவே நடந்து உள்ளே போனேன். நேர்கோட்டில் அடுத்தடுத்து ஐந்து மாளிகைகளின் மேடைகள். 1125இல் சொங் தூதராக வந்த ஷு காங்ட்சொங், இந்த அரண்மனை வேலை நடந்துகொண்டிருந்ததைத் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். உள்ளே எப்படி இருந்திருக்கும் என்கிறீர்கள்? சுவரோரமாக மண் திண்ணைகள், அவற்றின் வயிற்றுக்குள் அடுப்புப் புகை ஓடும் குழாய்வழி, மேலே கதகதப்பு. குளிர் மைனஸ் முப்பதைத் தொடக்கூடிய நாட்டில் அரசவை இந்தத் திண்ணைகளில்தான் உட்கார்ந்தது! இரண்டாம் பேரரசர் வூச்சிமாய் கருவூலத்தில் கைவைத்துவிட்டார் என்று, பெரியவர்கள் அவரை அரியணையிலிருந்து இறக்கி இருபது அடி கொடுத்தார்களாம். சொங் நாட்டார் எழுதிவைத்த கதை. மேடையில் நின்றபடி அதைத் தம்பிக்குச் சொன்னேன். "ராஜாவையேவா!" என்று கத்திவிட்டான்.

ஆனால் இதே ஊருக்கு 1128இல் வந்து சேர்ந்த இருவரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கய்ஃபெங்கில் சிறைப்பட்ட சொங் பேரரசர் ச்சின்ட்சொங், அவருடைய தந்தை ஹுய்ட்சொங். தந்தை பெரிய ஓவியர். அவர் உருவாக்கிய எழுத்து வடிவத்துக்கு 'ஒல்லிப் பொன்' என்று பெயர். அந்தக் கையோடு வந்த மனிதரை ஆட்டுத்தோல் போர்த்தி, அகுடாவின் கோயிலில் வணங்க வைத்தார்கள். 'மதிமயங்கிய கோமகன்' என்று பட்டமும் சூட்டினார்கள்.

இவ்வளவு பெரிய நகரத்தை முதலில் அழித்தது எதிரி இல்லை. நான்காம் பேரரசர் வன்யான் லியாங் 1153இல் தலைநகரை இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்துக்கு மாற்றினார். பழைய பிரபுக்கள் பழைய மண்ணையே பற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்று, 1157இல் இங்கிருந்த மாளிகைகளை இடித்து ஏர் பூட்டி உழச் சொன்னார். அடுத்து வந்த ஷிட்சொங் ஊரை மீட்டெடுத்தார். 1185இல் இங்கே நடந்த விருந்தில், முன்னோரின் மொழி மறந்துபோகிறதே என்ற தவிப்போடு, தாமே எழுந்து ஜுர்ச்சென் பாட்டுப் பாடினார். ஒரு பேரரசர், தம் கிழட்டு உறவினர்கள் நடுவே, இந்த வயலில்!

இந்த மண் கொடுத்ததில் என் செல்லத்தையும் சொல்லிவிடுகிறேன். 1965இல் ஆசெங்கில் கிடைத்த வெண்கல டிராகன். உயரம் 19.6 சென்டிமீட்டர்தான். வீட்டு வாசலில் நாய் உட்காருமே, அப்படி உட்கார்ந்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி மேகத்தின் மேல் வைத்து, வாயைத் திறந்திருக்கிறது. ஹார்பினில் ஹெய்லோங்ஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்தின நாள் அதன் கண்ணாடிப் பெட்டி முன்னால் நான் நின்ற நேரத்தில் தம்பி இரண்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டான்.

இன்றைக்கு அவசரப்பட்டது நான். சாயங்கால ரயிலுக்கு நேரமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மழை அறுத்த அந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரின் வரிகளை விரலால் தொடாமல் காற்றிலேயே ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.

"இருங்கக்கா, பதினேழு ஆச்சு. மேலே இன்னும் இருக்கு."