வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: கல்முனைப் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

தோட்டத்திலிருந்து கிழக்குக் கரைக்குப் போய் வருகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஒகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு கதிர்காமத்துக்கு நடப்பவர்கள், அறுகம்பைக் கடலைப் பார்க்க வான் பிடித்துப் போகிறவர்கள், பாடசாலைச் சுற்றுலாவில் போகிற பிள்ளைகள் என்று பலர். அம்பாறைக் கரையில் கடலுக்குச் சமமாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று பறவைகள். அவற்றை எப்படிப் பார்ப்பது, யாரிடம் கேட்டுப் பார்ப்பது என்பதை இம்முறை சொல்கிறோம்.

இலங்கையின் ஆகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் உருவானது அது. அதன் தண்ணீர் பாயும் வயல்கள் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றன. அங்குள்ளவர்கள் இந்த வயல்வெளிகளை ‘வட்டை’ என்பார்கள். உழவு தொடங்கி சேறு கலங்கினால் போதும், கொக்குகள் டிரக்டருக்குப் பின்னால் வரிசை கட்டி நடக்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், சங்குவளை நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் வட்டையிலும் குளத்திலும் களப்பிலும் கூடும். செப்டெம்பர் பிறந்தால் வடதேசங்களின் குளிருக்குத் தப்பி உல்லான்களும் மற்றக் கரைப்பறவைகளும் வந்து சேரும். ஏப்ரல் அளவில் திரும்பிவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பறவைக்குச் சொந்தக்காரர் இல்லை, அது நிற்கிற வயலுக்கு உண்டு. நோர்வே, சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் தனியார் காட்டிலும் மேட்டிலும் யாரும் நடந்து போகலாம் என்று உரிமை இருக்கிறது. அங்கேகூட பயிர் நிற்கிற நிலத்துக்குள்ளும் வீட்டு முற்றத்துக்குள்ளும் அந்த உரிமை போகாது. நம் நாட்டில் அப்படியான உரிமையே கிடையாது. பொது வீதியில் நின்று பார்க்க யாரையும் கேட்கத் தேவையில்லை. வீதியை விட்டு வரம்பில் கால் வைப்பதென்றால் கேட்டே ஆக வேண்டும்.

வரம்பில் நடப்பதில் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். வரம்புதான் வயலின் அணை. பத்துப் பேர் நடந்து ஓரிடம் உடைந்தால் மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். முதல் நாள் எறிந்த பசளையும் சேர்ந்து போகும். தண்ணீரோ முறை வைத்துத்தான் கிடைக்கும், அடுத்த முறை வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். விதைத்த புதிதில் சேற்றில் கால் பட்டால் முளை செத்துவிடும். பால் பிடிக்கும் பருவத்திலும் அறுவடைக்கு முன்னும் நெல்லுக்குருவிகளை விரட்டவே அவர்கள் காவல் இருக்கிறார்கள். நமக்குக் குருவி நிற்க வேண்டும், அவருக்குக் குருவி போக வேண்டும். அந்த நேரத்தில் ‘விரட்டாதீங்க’ என்று நாம் சொல்லப் போனால் நியாயமா?

இன்னொரு காரணமும் உண்டு. அம்பாறையில் காணி என்றால் லேசான பேச்சு அல்ல. யுத்த காலத்தில் விட்டுப் போன காணிகள், வனப்பகுதி என்று எல்லை போடப்பட்ட காணிகள் என்று இழுபறிகள் பல. வட்டமடுவில் விவசாயிகளுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் வன அதிகாரிகளுக்கும் இடையிலான பிரச்சினை நெடுங்காலம் நீடித்தது. அப்படியான இடத்தில் தெரியாத ஆள் ஒருவர் தொலைநோக்கியும் கெமராவும் குறிப்புப் புத்தகமுமாக நின்றால், ‘காணி அளக்க வந்திருக்கிறார்களோ’ என்று அவர்கள் நினைப்பது இயல்பு. முதலிலேயே போய் விபரம் சொன்னால் அந்தப் பயம் தீரும்.

இது நமக்குப் புரியாத சங்கதி அல்ல. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது வான் ஒன்று வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் நம்மைப் படம் எடுப்பார்கள், லயத்து வாசல் வரை வந்து எட்டிப் பார்ப்பார்கள். சிரித்துக்கொண்டு ‘எடுக்கலாமா அக்கா?’ என்று கேட்கிறவரை நாம் வேறு விதமாகத்தானே பார்க்கிறோம்? நமக்குக் கிடைக்க வேண்டும் என்று நாம் விரும்புகிற மரியாதையை வட்டைக்காரருக்கும் கொடுப்போம்.

எப்படிக் கேட்பது? வயலில் ஆள் நின்றால் தூரத்தில் நின்றே குரல் கொடுங்கள். ‘காக்கா, கொக்கு பார்க்க வந்தோம், இந்த வரம்பால கொஞ்சம் போகலாமா?’ என்றால் போதும். அநேகமாக ‘போங்க, ஆனா அங்கால போகாதீங்க, நேத்துத்தான் மருந்தடிச்சது’ என்று வழியும் சொல்வார்கள். ஆள் இல்லாவிட்டால் வட்டை விதானையாரை விசாரியுங்கள். கூட்டமாகப் போவதானால் அங்குள்ள விவசாய அமைப்பிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம், அப்போது யாரையும் தேடிப் போக வேண்டாம். நோன்பு மாதத்தில் அவர்கள் முன்னால் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமல் இருப்பதும் மரியாதை. மாட்டேன் என்று சொன்னால் நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள்.

கேட்பது நம் உயிருக்கும் நல்லது. இந்த வயல்களுக்கு யானை வரும். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் தனியே இறங்கக் கூடாது. யானைக்கு மின்வேலி போட்டிருப்பார்கள், சில இடங்களில் பன்றிக்குக் களவாக மின்கம்பியோ கட்டுத்துவக்கோ வைத்திருப்பார்கள். எது எங்கே இருக்கிறதென்று ஊரவருக்குத்தான் தெரியும். புடையன் பாம்பும் வரம்பில் கிடக்கும். மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கடக்கவே வேண்டாம். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளோடு போன டிரக்டர் வெள்ளத்தில் அடிபட்டுப் பல உயிர்கள் போனதை மறக்க முடியாது.

இனி பறவைகளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை. பறக்கிற அழகைப் பார்க்கக் கல் எறிவதும் கை தட்டுவதும் பிள்ளைகளின் வழக்கம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்க்கிறது. வீணாக ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது கரைகிறது. கூட்டுக்குக் கிட்டப் போனால் தாய் எழும்பிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், இல்லாவிட்டால் வெயில் குஞ்சைக் கொன்றுவிடும். முட்டையையோ குஞ்சையோ எடுப்பது 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம்.

குமனவுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1938இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை அந்தப் பூங்கா மூடிக் கிடந்தது. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள வில்லில் நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டுவது மே, ஜூன் மாதங்களை ஒட்டித்தான். அதற்குப் பின்னாலேயே கதிர்காம யாத்திரைக்காரருக்குக் காட்டுப்பாதை திறக்கிறது. பாதையை விட்டு விலகாமல், சத்தம் போடாமல், பொலித்தீன் பைகளை எறியாமல் நடந்தால் முருகனுக்கும் அது உகந்ததுதான்.

அவ்வளவு தூரம் போக வசதி இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். காஷ்மீரில் குஞ்சு பொரித்து குளிருக்கு இங்கே வரும் ஈபிடிப்பான் ஒன்றைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டார் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வருகிறார்கள். நம் மலையிலும் ஓடைக்கரையிலும் உள்ள குருவிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பெயர் சொல்லிக் கொடுங்கள். கேட்டுப் போகிற பழக்கத்தையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். ஒரு தோட்டத்துக் குடும்பம் ஒழுங்காக நடந்தால், அடுத்து வருகிற குடும்பத்தை வட்டைக்காரர் ‘வாங்க’ என்று கூப்பிடுவார். பறவை பார்க்க அதைவிட நல்ல அனுமதிச் சீட்டு வேறில்லை.