நீருக்குள் நிலைத்த இளமை

தவளையும் தேரையும் வாற்பேய்களாகப் பிறந்து, நீரில் மூச்சுவிடும் உறுப்புகளாகிய பூக்களை இழந்து, நுரையீரல் கொண்டு நிலத்தேறுவதை மாணவர் யாவரும் அறிவர். இவ்வொழுங்குக்குப் புறம்பான பிராணியொன்று மெக்சிக்கோ நாட்டில் உண்டு. அக்சலோட்டல் என்னும் அச்சலமந்தர், முட்டையிடும் பருவம் எய்திய பின்னரும் பூக்களைத் துறப்பதில்லை. தலையின் இருமருங்கும் மும்மூன்றாக விரிந்த இறகுகள் போல அவை அசைந்துகொண்டிருக்கும். இழந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலும் இதற்கு உண்டு.

இதன் தாயகம் மெக்சிக்கோப் பள்ளத்தாக்கின் சொச்சிமில்கோ, சால்கோ ஏரிகளாகும். பலியாவதற்கு அஞ்சிய சொலொத்தில் என்னும் தெய்வம் சோளமாகவும் கற்றாழையினச் செடியாகவும் உருமாறி, ஈற்றில் நீருட் பாய்ந்து அக்சலோட்டல் ஆயிற்று என்பது அந்நாட்டுப் பழங்கதை. 1864ஆம் ஆண்டில் 34 அக்சலோட்டல்கள் பாரிஸ் நகரை அடைந்தன. அவற்றுள் ஆறு ஒகுஸ்ட் டுமேரில் என்னும் விஞ்ஞானியிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களிலும் வீடுகளிலும் வளர்வனவற்றுட் பல அவற்றின் வழித்தோன்றல்களே.

எனினும், தாயகத்தில் இதன் நிலை இரங்கத்தக்கது. சால்கோ ஏரி வடிக்கப்பட்டது. சொச்சிமில்கோவில் எஞ்சியவை வாய்க்கால்களே. அங்கு ஒரு சதுர கிலோமீற்றருக்கு 1998இல் ஏறத்தாழ 6,000 ஆக இருந்த தொகை, 2014இல் 36 ஆகக் குறைந்தது. கழிவுநீரும், வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் இவ்வழிவுக்கு முக்கிய காரணங்களாம். ஆகவே இதனை வீட்டில் வளர்க்க விழைவோர், விளையாட்டுப் பொருளையன்று, அருகிவரும் ஓர் இனத்தின் உயிரையே பொறுப்பேற்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

வெப்பமே முதற் பகை

மெக்சிக்கோ நகர்ப்புறம் கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அக்குளிர் நீருக்குப் பழகிய பிராணிக்கு 16 முதல் 18 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையே உகந்தது. 24 பாகையைக் கடந்தால் அது உணவை வெறுக்கும். நோய்வாய்ப்பட்டு மடிதலும் கூடும். நுவரெலியாவின் குளிர் இதற்கு ஏற்றதாகலாம். ஆனால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சாதாரண அறையில் வைத்த தொட்டி, குளிரூட்டும் பொறியின்றி இதற்குச் சிறைக்கூடமே ஆகும். அப்பொறியை நாள்தோறும் இயக்கும் வசதியில்லாதவர் இவ்வாசையைத் தவிர்ப்பதே அறமாம்.

தொட்டியின் அமைப்பு

வளர்ந்த அக்சலோட்டல் 20 முதல் 30 சதமமீற்றர் வரை நீளமானது. பத்தாண்டுக்கு மேலும் உயிர்வாழும். ஒன்றுக்கு ஏறத்தாழ 75 லீற்றர் நீர்கொள்ளும் தொட்டியேனும் வேண்டும். அது அடியில் ஊர்ந்து திரியும் பிராணியாதலின், உயர்ந்த தொட்டியினும் நீண்டகன்ற தொட்டியே சிறந்தது. துள்ளி வெளியே விழாதிருக்க மூடியும் அவசியம்.

அடியிற் சிறு கூழாங்கற்களைப் பரப்புதல் பெருந்தீங்கு. இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும் இப்பிராணியின் குடலிற் கற்கள் சிக்கி உயிரைப் போக்கிவிடும். வெற்றுக் கண்ணாடித் தளமோ மிக நுண்ணிய மணலோ போதும். கண்ணிமை இல்லாத பிராணிக்குக் கடும் ஒளி துன்பமாதலின், விளிம்பு மழுங்கிய மண் சட்டியொன்றைக் கவிழ்த்துச் சாய்த்து மறைவிடம் அமைக்கலாம். வடிகருவியின் நீரோட்டம் மென்மையாக இருத்தல் வேண்டும்.

புதுத் தொட்டியில் உடனே பிராணியை விடலாகாது. கழிவிலிருந்து தோன்றும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். சோதனையில் முதலிரண்டும் இல்லையெனத் தெளிந்த பின்னரே அதனைக் குடியேற்றவேண்டும். குழாய்நீரின் குளோரீனையும் முன்னரே நீக்கிவிடல் வேண்டும்.

ஏற்ற தாவரங்கள்

செடிகள் அழகுக்கு மட்டுமல்ல. அவை நிழல் தரும். அமோனியாவையும் நைத்திரேற்றையும் ஓரளவு உறிஞ்சும். பெண் சலமந்தர் முட்டைகளை ஒட்டிவைக்கும் இடமுமாகும். எனினும் நீர் மாற்றும் வேலையை அவை முற்றாகப் போக்கா.

குளிரிலும் மங்கிய ஒளியிலும் வளரும் ஜாவாப் பன்னம், அனூபியாசு, ஜாவாப் பாசி ஆகியவை மிகப் பொருத்தமானவை. முன்னிரண்டின் கிடைத்தண்டைப் புதைத்தால் அழுகிவிடும்; பருத்தி நூலால் பெரிய கல்லிற் கட்டிவிடவேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒட்சிசன் குமிழ்களைக் காட்ட உதவும் ஐதரில்லாவையும், வேரற்ற செரட்டோபில்லத்தையும் மிதக்கவிடலாம். மணலில் வேரூன்றும் செடிகளைப் பிராணி கிளறிப் பிடுங்கிவிடும். கூரிய விளிம்புள்ள பிளாஸ்ரிக் செடிகள் மெல்லிய பூக்களைக் கிழிக்கும்.

கடையில் வாங்கிய செடிகளில் நத்தை கொல்லும் செப்பு மருந்து படிந்திருக்கலாம். செப்பு ஈரூடகவாழிகளுக்கு நஞ்சு. ஆதலின் செடிகளை நன்கு கழுவி, வேறு பாத்திரத்தில் சில வாரம் வைத்து, நீரைப் பலமுறை மாற்றிய பின்னரே தொட்டியில் இடுக.

ஆகாயத்தாமரையை நாடவேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து பரவிய இச்செடி, சொச்சிமில்கோ வாய்க்கால்களையும் நம் குளங்களையும் ஒருங்கே அடைத்துள்ளது. இதனைத் தடுக்கவே 1909இல் இலங்கையில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தொட்டியிற் களைந்த எச்செடியையும் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாது, உலர்த்தி அழிப்பதே நன்று. சலமந்தரையும் அவ்வாறே வெளிநீரில் விடலாகாது. இயற்கையிற் சலமந்தர் இல்லாத நாடு நம்முடையது. அந்நியப் பிராணியொன்று தன் நோயையும் உடன்கொண்டு செல்லக்கூடும்.

வாங்குமுன்

1975 முதல் இவ்வினத்தின் அனைத்துலக வாணிபம் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே பிராணி எங்கு பிறந்ததென்பதையும், அதனை வைத்திருப்பதற்குச் சட்டம் இடந்தருமா என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளவேண்டும். மீன்கள் பூக்களைக் கொறிக்குமாதலின் அவற்றோடு சேர்க்கலாகாது. பூச்சிமருந்து படாத நிலத்து மண்புழுவே நல்லுணவு.

சொச்சிமில்கோவின் உழவர் சிலர் ஆய்வாளருடன் இணைந்து, தம் தோட்டங்களுக்கிடையே உள்ள வாய்க்கால்களில் நீர்த்தாவரங்களால் நீரைத் தெளியவைத்து, அக்சலோட்டலுக்குப் புகலிடம் அமைத்து வருகின்றனர். குளிர்ந்த தூய நீரும் தக்க செடியும் மறைவிடமுமே அங்கும் வேண்டப்படுவன. அவற்றைப் பத்தாண்டுக்கு இடைவிடாது அளிக்க இயலுமா என வீட்டார் யாவரும் கூடி ஆராய்ந்த பின்னரே தொட்டியை வாங்குதல் தகும்.