மின்னேறாத ஸ்டைலஸ்
2015ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில் போன்ற, தொடுதிரையில் எழுத உதவும் ஸ்டைலஸ்களுக்குள் உள்ள லித்தியம் அயனி பேட்டரி மிகச் சிறியதாகையால், மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்தால் சிறிது சிறிதாகத் தானே மின்னை இழந்து, ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். இதுவே ஆழ் மின்னிறக்கம் எனப்படுகிறது. அந்நிலையில் பாதுகாப்புச் சுற்று பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிடுவதால், சார்ஜரில் செருகியவுடன் ஸ்டைலஸ் உயிர்பெறவில்லை என்பதற்காக அது பழுதாகிவிட்டதென முடிவு கட்டலாகாது. மின்னேற்றச் சுற்று முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே செலுத்தி, மின்னழுத்தம் பாதுகாப்பான அளவுக்கு உயர்ந்த பின்னரே வழக்கமான வேகத்துக்கு மாறும். ஆகவே இணைப்பு முனையை உலர்ந்த துணியால் துடைத்து, சில மணி நேரம் இணைத்தே வைத்திருந்து, பின்னர் ப்ளூடூத் அமைப்பில் பழைய இணைப்பை நீக்கிப் புதிதாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முற்றிலும் வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்த பேட்டரிக்குள், எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு கரைந்து, மறுபடி மின்னேற்றும்போது அச்செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உட்புறக் குறுக்குச்சுற்றை, அதாவது மின்னோட்டம் தவறான வழியில் பாயும் நிலையை, உண்டாக்கக்கூடும். எனவே பாதுகாப்புச் சுற்றைத் தவிர்த்து வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் செலுத்துவது தீ விபத்தில் முடியலாம். உடைக்காமல் பேட்டரியை மாற்ற இயலாதபடி ஆப்பிள் பென்சில் ஒட்டி மூடப்பட்டிருப்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது.