காவற்றொழிலும் ஆராய்ச்சி முடிபும்

குற்றம் நிகழ்ந்தபின் குற்றவாளியைப் பிடித்தலினும், குற்றம் நிகழாவண்ணம் தடுத்தலே பொலிசாரின் முதற்கடன் என்பது, 1829 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரப் பொலிசுப் படை நிறுவப்பட்ட காலந்தொட்டு வழங்கிவரும் கொள்கையாகும். ஆயின், எம்முறை குற்றத்தைத் தடுக்கும், எம்முறை தடுக்காது என்னும் வினாவுக்கு நெடுங்காலமாக வழக்கமும் அநுபவமுமே விடை கூறி வந்தன. மருந்தின் பயனை நோயாளரிடத்துச் சோதித்தறிவதுபோலக் காவல்முறையின் பயனையும் சோதித்தறியலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வலுப்பெற்றது.

பொலிசு வண்டிகள் வீதிகளிற் சுற்றித் திரியின் கள்வர் அஞ்சுவர், மக்கள் அச்சந் தீர்வர் என்பது பலரும் ஐயுறாது கொண்ட கருத்தாகும். ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் நகரப் பொலிசார் 1972 ஒக்டோபர் முதலாக ஓராண்டு இக்கருத்தைச் சோதித்தனர். நகரின் ஒரு பகுதியிலுள்ள 15 ரோந்து வட்டங்கள் மூன்று கூறாக்கப்பட்டன. ஐந்தில் வழக்கமான ரோந்து நடந்தது. ஐந்தில் அது இரண்டு மூன்று மடங்காக்கப்பட்டது. எஞ்சிய ஐந்தில் ரோந்து நிறுத்தப்பட்டு, மக்கள் அழைத்தவிடத்து மாத்திரம் பொலிசார் சென்றனர். குற்றங்களின் தொகையிலோ மக்களின் அச்சத்திலோ இம்மூன்றற்கு மிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 1974 இல் வெளிவந்த அறிக்கை காட்டிற்று.

இதுகொண்டு ரோந்தே பயனற்றது எனத் துணிதல் பொருந்தாது. மினியாபொலிஸ் நகரிலே பொலிசாருக்கு வந்த அழைப்புக்களை லோரன்ஸ் சேர்மன் முதலியோர் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு மூன்றளவான இடங்களிலிருந்தே பாதியளவு அழைப்புக்கள் வந்தமை புலனாயிற்று. அத்தகைய 110 இடங்களைத் தெரிந்து, குலுக்கல் முறையால் இருபாலாக்கி, ஒருபாலில் ரோந்தை மிகுத்து 1988, 1989 ஆம் ஆண்டுகளிற் சோதனை நடாத்தினர். அவ்விடங்களிற் குற்றம்பற்றிய அழைப்புக்கள் நூற்றுக்கு 6 முதல் 13 வரை குறைந்தன. நீரைத் தோட்டமெங்குஞ் சிதறவிடாது, வேண்டிய பாத்தியிற் பாய்ச்சுதல் போன்றது இது.

எனினும், ஒரு சோதனையின் முடிபை விரைந்து விதியாக்குதலும் தீங்காய் முடியலாம். மனைவியைத் தாக்கிய கணவனைக் கைதுசெய்வதோ, அறிவுரை கூறுவதோ, சிலமணி நேரம் வீட்டினின்றும் அகற்றுவதோ எது நன்று என அதே நகரில் 1981, 1982 ஆம் ஆண்டுகளில் 314 நிகழ்ச்சிகள் கொண்டு ஆராயப்பட்டது. கைதே மீண்டுந் தாக்குதலை மிகக் குறைத்தது. முடிபு 1984 இல் வெளிவந்ததும் கைதை வற்புறுத்தும் விதிகள் பல மாநிலங்களிற் பரவின. பின்னர் ஓமாகா, சார்லட், மில்வோக்கி முதலிய நகரங்களில் அதே சோதனை நடந்தபோது அப்பயன் தெளிவுறக் கிட்டவில்லை. மில்வோக்கியிலே தொழிலுள்ளார் கைதுக்கு அஞ்சி அடங்கினர். தொழிலில்லாதாரிடத்து வன்செயல் மிகுந்தது. காக்கக் கருதிய விதியே வறிய இல்லங்களிலுள்ள பெண்கள் சிலருக்கு இடராயிற்று.

சேர்மன் 1998 இல் வகுத்துரைத்த சான்றுவழிக் காவல் என்னும் நெறியின் உட்கிடை இதனால் விளங்கும். நல்ல ஆராய்ச்சியின் முடிபைக் கைக்கொள்ளுதல் அதன் ஒரு பாதி. கைக்கொண்டபின் தம்மூரில் அது பயன்றருகின்றதோ என இடையறாது அளந்தறிதல் மறுபாதி. பொலிசாரின் அநுபவத்தை இந்நெறி இகழ்வதன்று. எதனைச் சோதிக்கவேண்டும் என்று காட்டுவது பெரும்பாலும் அவ்வநுபவமேயாம்.

ஓர் ஒற்றன் கூறியதை மட்டும் நம்பாது, ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்றும் ஒத்தவிடத்தே தெளிதல் வேண்டும் எனத் திருக்குறள் ஒற்றாடல் அதிகாரத்தில் அரசனுக்கு விதிக்கின்றது. கன்சாசும் மினியாபொலிசும் மில்வோக்கியும் உணர்த்துவதும் இதுவே. மக்களின் உரிமையையும் உயிரையுந் தொடும் அதிகாரம் எத்துணைப் பெரிதோ, அத்துணைப் பெரிதாதல் வேண்டும் அதனைச் செலுத்துவோரின் ஆராயுங் கடப்பாடு.