நோயுற்றோர்க்கு நோயுற்றோரே துணை

மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்கள் பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுகின்றன. படிப்பு, வேலை, திருமணம் எல்லாம் அமையவேண்டிய பருவம் அது. மருந்தினால் காதில் ஒலிக்கும் குரல்கள் அடங்கலாம்; காரணமற்ற அச்சம் தணியலாம். ஆனால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு, மறுநாள் காலையில் எழுந்து செல்ல ஓர் இடம் வேண்டுமே! அதை எந்த மாத்திரை தரும்?

1940-களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்து ராக்லாண்டு மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலருக்கு இக்கேள்வி எழுந்தது. மனச்சிதைவைக் கட்டுப்படுத்தும் முதல் மருந்தான குளோர்புரோமசின் 1952-இல்தான் பயனுக்கு வந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அவர்களுக்கு மருந்தும் இல்லை. வேலை தருவாரும் இல்லை. ஆகவே தமக்குள் கூடிப் பேசினர். 'நாம் தனித்தில்லை' என்னும் பொருள்படக் குழுவுக்குப் பெயரிட்டனர். 1948-இல் ஆதரவாளர் சிலரின் உதவியால் நியூயார்க் நகரின் 47-ஆம் தெருப் பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. தோட்டத்தில் நீரூற்று இருந்தமையால் 'பவுண்டன் ஹவுஸ்' என்று அது பெயர் பெற்றது.

1955-இல் ஜான் பியர்டு என்ற சமூகப் பணியாளர் பொறுப்பேற்ற பின் உருவான நடைமுறையே நம் கவனத்திற்கு உரியது. இங்கு வருவோர் நோயாளிகள் அல்லர், உறுப்பினர்கள். சமையல், தட்டச்சு, தொலைபேசி, கணக்கு ஆகிய எல்லா வேலைகளையும் உறுப்பினரும் ஊழியரும் சேர்ந்தே செய்கின்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஊழியரின் எண்ணிக்கை வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகிறது. உறுப்பினர் கை கொடுக்காவிட்டால் மதிய உணவு தயாராகாது! 'நீ வராவிட்டால் வேலை நிற்கும்' என்ற நிலையை உபதேசத்தால் அன்றி, அமைப்பினாலேயே உண்டாக்கிவிட்டார்கள். இயந்திரம் ஒன்றைத் திட்டமிடுபவர் கண்டு மகிழத்தக்க ஏற்பாடு இது.

வெளியே நிறுவனங்களில் சில மாதங்கள் பகுதிநேர வேலையும் வாங்கித் தருகின்றனர். உறுப்பினர் ஒருநாள் வர இயலாவிடில், இல்லத்தின் ஊழியர் சென்று அவ்வேலையைச் செய்து முடிப்பார். முதலாளிக்கு இழப்பில்லை, உறுப்பினருக்கு வேலை போவதுமில்லை. மருத்துவம் மட்டும் இல்லத்திற்கு வெளியே, மருத்துவரிடம்தான். இம்முறையைப் பின்பற்றும் இல்லங்கள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன.

நோயிலிருந்து தேறியவர் மற்றொருவருக்குத் துணை நிற்பதில் மருத்துவரால் தர முடியாதது என்ன? "நானும் அங்கே இருந்தேன், இன்று இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல அவரால் முடிகிறது. மேலும், உதவுபவருக்கும் நன்மை உண்டு என்பதை 1965-இல் பிராங்க் ரீஸ்மன் என்ற சமூக அறிஞர் எடுத்துக்காட்டினார். பிறருக்குப் பாடம் சொல்லும் மாணவன் தானே நன்றாகக் கற்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1999 முதல் இத்தகைய துணைவர் பயிற்சிபெற்று, அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் ஊதியம் பெறும் பணியாளராயினர்.

நல்லெண்ணம் ஒன்று, பயன் வேறொன்று. அளந்து பார்க்காமல் நம்பலாமா? இங்கிலாந்தில் அளந்தார்கள். 2018-இல் வெளிவந்த ஆய்வில் 441 பேர் இடம்பெற்றனர். மன நெருக்கடிக்காக வீட்டிலேயே தீவிர சிகிச்சை பெற்று முடித்தவர்கள் இவர்கள். இரு பிரிவினருக்கும் ஒரே பயிற்சிக் கையேடு தரப்பட்டது. ஒரு பிரிவுக்கு அது அஞ்சலில் வந்தது. மற்றதற்கு, நோயனுபவம் உள்ள துணைவர் பத்து சந்திப்புகள் வரை உடனிருந்து உதவினார். ஓராண்டுக்குள் மீண்டும் தீவிர சிகிச்சைக்குத் திரும்பியோர் முதற் பிரிவில் 38 சதவீதம். துணைவர் பெற்ற பிரிவில் 29 சதவீதம். கையேடு இருவருக்கும் பொது என்பதால், வேறுபாட்டை அதன் கணக்கில் எழுத முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பது போன்றதே இது.

ஆனால் சில ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த, 590 பேர் கொண்ட மற்றொரு இங்கிலாந்து ஆய்வு இவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை. மருத்துவமனையில் முன்பே சேர்ந்து, மறுபடியும் சேர்ந்தவர்கள் இவர்கள். துணைவர் பெற்றோரில் 47 சதவீதமும், பெறாதோரில் 50 சதவீதமும் ஓராண்டில் மீண்டும் மருத்துவமனை சேர்ந்தனர். இந்த 3 சதவீத வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. முதல் ஆய்வு பொய் என்று இதனால் ஆகிவிடாது. நோயின் கடுமை வேறு, தரப்பட்ட உதவியின் வடிவம் வேறு. எனினும், 'துணைவர் போதும், மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைக்கலாம்' என்று கணக்குப் போடும் நிர்வாகி எவரும் இவ்விரண்டாம் ஆய்வைப் படித்தே ஆகவேண்டும்.

மருந்தை நிறுத்தச் சொல்வதோ அளவை மாற்றுவதோ துணைவரின் வேலை அன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அதை இரகசியமாக வைத்திராமல் உடனே மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். துணைவருக்கும் நோய் திரும்பலாம். ஆதலால் அவரை மேற்பார்க்க ஒருவரும், தேவைப்படும்போது விடுப்பும், முறையான ஊதியமும் ஏற்பாடாகியிருக்க வேண்டும்.